அவன் யார், நாளை எது?

திங்கட்கிழமை ஜான் தொலைபேசியில் சொல்கிறான்: ‘ஐ வில் கம் டுமாரோ.’ சொன்னபடி வரவில்லை. வெள்ளிக்கிழமை அதை இன்னொருவரிடம் சொல்லும் ஆங்கிலேயர், ‘ஜான் செட் ஹீ வுட் கம் த நெக்ஸ்ட் டே’ என்பார். தமிழராக இருந்தால், ‘நாளைக்கு வரேன்னு ஜான் சொன்னான்’ என்று முடித்துவிடுவார்.

ஆங்கிலத்தில் ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்கள் நடந்திருக்கின்றன. மூவிடப்பெயரான ‘ஐ’, ‘ஹீ’ ஆயிற்று. ‘வில்’, ‘வுட்’ ஆயிற்று. வினையடையான ‘டுமாரோ’, ‘த நெக்ஸ்ட் டே’ ஆயிற்று. ஜானின் பேச்சு துணைவாக்கியமாகிவிட்டால், அதன் ஆளையும் காலத்தையும் நாளையும் சொல்பவர் தாம் நிற்கும் இடத்திலிருந்து அளந்தாக வேண்டும். பேச்சுத் தமிழ் அந்த வேலையை மேற்கொள்வதில்லை. ஜானின் குரலை அப்படியே எடுத்து, பின்னால் ஒரு ‘ன்னு’ ஒட்டிவிடுகிறது.

நம் பள்ளிகளில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தை வைத்துக்கொண்டு நேர்கூற்று, அயற்கூற்று என்று பயிற்றுவிப்பது ஆங்கிலத்தின் இந்த மாற்றங்களைத்தான். ஆனால் ‘டுமாரோ’ வந்தால் ‘த நெக்ஸ்ட் டே’ என்று எழுது என மனப்பாடமாகச் சொல்லித்தருவது பாதி உண்மைதான். ஜான் சொன்ன அதே நாளில் நீங்கள் அதைத் திருப்பிச் சொன்னால், ‘டுமாரோ’ அப்படியே நிற்கலாம். நாளை இன்னும் நாளையாகத்தானே இருக்கிறது. ‘வில்’கூட நிற்கலாம். மாற்றவேண்டுமா என்பதை முடிவுசெய்வது நாட்காட்டி. வாய்பாடாகப் படித்த மாணவருக்கு இது கடைசிவரை பிடிபடாமலே போய்விடுகிறது.

தமிழின் சுருக்கத்துக்கும் விலை உண்டு. ‘நான் வரணும்னு ஜான் சொன்னான்’ என்கிறார் ஒருவர். வரவேண்டியது ஜானா, சொல்லிக்கொண்டிருப்பவரா? இரண்டு பொருளும் சரி. ‘ஹீ செட் ஹீ ஹேட் டு கம்’, ‘ஹீ செட் ஐ ஹேட் டு கம்’ என்று ஆங்கிலம் இவற்றைத் தெளிவாகப் பிரித்துவிடும். எழுத்துத் தமிழில் ‘வருவதாகச் சொன்னான்’ என்ற வடிவம் வந்தால் நாமும் ஆங்கிலத்தைப்போல அளக்கத் தொடங்குகிறோம். வெள்ளிக்கிழமை பேசும்போது ‘மறுநாள் வருவதாகச் சொன்னான்’ என்றுதான் வரும். ஆக, தமிழில் இரண்டு வழிகளும் உண்டு. வீட்டுப் பேச்சு ஒன்றையும் எழுத்து மற்றதையும் அதிகம் விரும்புகின்றன.

ஆங்கிலம் தடுமாறும் இடம் வேறு. ‘ஜான் டோல்ட் பீட்டர் தட் ஹீ ஹேட் பாஸ்ட்.’ தேறியது யார்? இலக்கணம் பதில் சொல்லாது. கேட்பவர் சூழலை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டும். தமிழுக்கு இங்கே ஒரு நல்ல கருவி இருக்கிறது. ‘தான் தேறிவிட்டதாக ஜான் பீட்டரிடம் சொன்னான்’ என்றால் தேறியது ஜான். பீட்டருக்கு அதில் இடமில்லை. ஒரே எச்சரிக்கை, ‘தான்’ வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கட்டும். ‘பீட்டரிடம்’ என்பதற்குப் பின்னால் போட்டால், அழுத்தத்துக்கு வரும் ‘தான்’ என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

பெயருக்கு முன்பே அதன் மூவிடப்பெயர் வருவது ஆங்கிலத்தின் இன்னொரு விசித்திரம். ‘வென் ஹீ கேம் ஹோம், ஜான் வென்ட் டு பெட்’ என்பதில் ஹீயும் ஜானும் ஒரே ஆளாக இருக்கலாம். ‘ஹீ வென்ட் டு பெட் வென் ஜான் கேம் ஹோம்’ என்று திருப்பினால் படுத்தவர் வேறு, வந்தவர் வேறு. இரண்டிலும் ‘ஹீ’தான் முதலில் வருகிறது, ஆனால் முதல் வாக்கியத்தில் அது துணைவாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது, இரண்டாவதில் தலைமை வாக்கியத்தின் எழுவாயாக நிற்கிறது. 1960களிலிருந்து மொழியியலாளர்கள் இதைத் தோண்டினார்கள். 1981இல் சாம்ஸ்கி வகுத்த பிணைப்புக் கோட்பாட்டின் மூன்றாம் விதி இதற்கானதுதான். பள்ளியில் எவரும் சொல்லித்தராத இந்த விதியை ஆங்கிலக் குழந்தை தானாகவே கடைப்பிடிக்கிறது. தமிழில் இந்தச் சிக்கல் எழுவதே குறைவு. ‘வீட்டுக்கு வந்ததும் ஜான் படுத்துவிட்டான்’ என்பதில் மூவிடப்பெயரே வேண்டியதில்லை. முன்னால் ஓர் ‘அவன்’ சேர்த்தால், வந்தது வேறொருவன் என்றே காதில் விழும்.

அந்த ‘வந்ததும்’ இன்னொன்றையும் காட்டுகிறது. ‘நாளைக்கு அவன் வந்ததும் சொல்லு’ என்கிறோம். இன்னும் நடக்காததற்கு இறந்தகால வடிவம். ஆங்கிலம் ‘வென் ஹீ கம்ஸ்’ என்று நிகழ்காலத்தைப் போடுகிறது. இப்படி நேரம் குறிக்கும் துணைவாக்கியத்தில் எதிர்காலத்தை இரண்டுமே தவிர்க்கின்றன, ஆளுக்கொரு பக்கமாக.

வினையடையின் இடத்தில் இரண்டும் கண்ணாடி பிம்பங்கள். ‘ஜான் செட் பீட்டர் லெஃப்ட் யெஸ்டர்டே’ என்றால் நேற்று சொன்னானா, நேற்று போனானா? ஆங்கிலக் காது அருகிலுள்ள வினையோடு சேர்த்து, ‘நேற்று போனான்’ என்று கொள்ளும். அருகிலிருப்பதோடு சேர்க்கும் இந்தப் பழக்கத்தை 1973இல் மொழியியலாளர் கிம்பால் ஒரு கொள்கையாகவே எழுதினார். தமிழில் அதே குழப்பம் தொடக்கத்தில் வரும்: ‘நேற்று பீட்டர் போய்விட்டதாக ஜான் சொன்னான்.’ ‘நேற்று’ என்பதை ‘சொன்னான்’ பக்கத்தில் நகர்த்தினால் தீர்ந்தது. ‘ஒன்லி’ விஷயத்தில் மட்டும் தமிழ் முந்துகிறது. ‘ஐ ஒன்லி சா ஜான்’ என்பதில் ‘ஒன்லி’ வினைக்கு முன் நின்றபடி, குரலழுத்தத்தை நம்பிப் பெயரைச் சுட்டும். அதை இடம்மாற்றியே தீரவேண்டும் என்ற பண்டிதர்களை, 1926இல் வெளிவந்த தம் ஆங்கிலச் சொல்வழக்கு நூலில் ஃபவுலர் கடிந்துகொண்டார். நாம் ‘ஜானை மட்டும்’ என்று பெயரின் பக்கத்திலேயே வைத்துவிடுகிறோம்.

பெயரெச்சத்துக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. திராவிட மொழிகளில் ‘ஹூ’, ‘விச்’ போன்ற இணைப்புப் பெயர்கள் இல்லை, அவற்றின் வேலையைப் பெயரெச்சம் செய்கிறது என்று கால்டுவெல் 1856இலேயே காட்டினார். ‘நேற்று நீ பேசிய ஆள்’ என்பது சுருக்கமானதுதான். ஆனால் ‘த மேன் யூ டாக்ட் டு’, ‘த மேன் யூ டாக்ட் அபவுட்’ என்ற இரண்டுக்கும் தமிழில் அது ஒன்றே நிற்கிறது. அவரோடு பேசினாயா, அவரைப் பற்றிப் பேசினாயா என்று எதிராளி கேட்டால்தான் தெரியும். ஆங்கிலத்தில் வாக்கியக் கடைசியில் தொங்கும் அந்த ‘டு’வையும் ‘அபவுட்’டையும் தமிழ் மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடுவதற்குக் காரணமும் இதுவே என்று நினைக்கிறேன்.