தவளை நீச்சலும் தண்ணீரின் விதியும்

பெரம்பலூர் வட்டாரத்து இறவைக் கிணறுகளிலோ அரியலூர் வட்டாரத்து ஏரிகளிலோ நீந்தப் பழகிய வாசகர்களுக்குத் தவளை நீச்சல் புதியதன்று. இரு கைகளையும் சேர்த்து முன்னே நீட்டி, நீரை இருபுறமும் விலக்கி இழுத்து, கால்களை மடக்கி உதைத்து முன்னேறும் முறை அது. விளையாட்டுத் துறையில் இதனை மார்பு நீச்சல் என்பர். போட்டிகளில் நீந்தப்படும் நான்கு முறைகளுள் மிக மெதுவானது இதுவே. ஏன் மெதுவாக இருக்கிறது? அந்தக் குறையைப் போக்க நீச்சல் வீரர்கள் என்னென்ன செய்தார்கள்? விடை காண, 1952ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிக்குச் செல்வோம்.

அங்கு நடந்த பெண்களுக்கான 200 மீட்டர் மார்பு நீச்சலில், கல்கத்தாவிலிருந்து சென்ற ஆரத்தி சாகா என்ற சிறுமியும் கலந்துகொண்டார். அவர் பிறந்தது 1940 செப்டம்பர் 24. பன்னிரண்டு வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவ்வாண்டு ஒலிம்பிக்கிற்குச் சென்ற நான்கு இந்தியப் பெண்களுள் அவர் ஒருவர். தகுதிச் சுற்றில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 40.8 வினாடி. இறுதிப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்ற ஹங்கேரி நாட்டு ஏவா செக்கெலி எடுத்துக்கொண்டதோ 2 நிமிடம் 51.7 வினாடி. இடைவெளி 49.1 வினாடி!

இவ்வளவு பின்தங்கிய ஒருவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் போட்டி ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது 1924இல், பாரிஸ் நகரில். அதில் வென்ற பிரிட்டனின் லூசி மார்ட்டனுக்கு அப்போது வயது 26. நேரம் 3 நிமிடம் 33.2 வினாடி. பதினொரு வயது இந்தியச் சிறுமி அந்தத் தங்கப் பதக்க நேரத்திற்கு 7.6 வினாடி தொலைவில்தான் இருந்தார். அப்படியானால் 28 ஆண்டுகளில் போட்டி எப்படி மாறிவிட்டது?

தவளை நீச்சலில் நீரை இழுத்து முடித்த கைகளை மீண்டும் முன்னே கொண்டுவந்தாக வேண்டும். கால்களை மடக்கவும் வேண்டும். இவ்விரண்டும் நீருக்குள்ளேயே நடைபெறுகின்றன. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி மிக்கது. ஆகவே ஒவ்வொரு முறையும் கைகளும் தொடைகளும் நீரோடு மோதி, உதைத்துப் பெற்ற வேகத்தில் பெரும்பகுதியை இழக்கச் செய்கின்றன. வண்டியை ஓட்டுவதும் உடனே தடை போடுவதும் போன்றது இது.

கைகளைக் காற்றின் வழியாக முன்னே வீசினால் என்ன? இரு கைகளும் ஒரே சமயத்தில் இயங்க வேண்டும் என்றுதான் அன்றைய விதி கூறியது. அவை நீருக்கு மேலே வரலாகாது என்று கூறவில்லை. 1930களில் இந்த இடைவெளியைச் சிலர் கண்டுகொண்டனர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் பிரேசில் நாட்டு மரியா லெங்க் கைகளை மேலே வீசி நீந்தினார். ஹெல்சிங்கியில் செக்கெலி வென்றதும் இவ்வாறே. கைகள் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளைப் போல வீசின. கால்கள் தவளையைப் போல உதைத்தன. ஆக, ஒரே பெயருடைய போட்டியில் இருவேறு நீச்சல்களுக்கு இடம் இருந்தது.

அதன் பின்னர் பன்னாட்டு நீச்சல் கூட்டமைப்பு இரண்டையும் பிரித்து, வண்ணத்துப்பூச்சி நீச்சலைத் தனிப் போட்டியாக்கியது. 1956இல் மெல்போர்னில் பழைய முறையிலேயே நீந்தி வென்ற ஜெர்மனியின் உர்சுலா ஹாப்பேயின் நேரம் 2 நிமிடம் 53.1 வினாடி. நான்கு ஆண்டுகள் கழிந்தும் செக்கெலியின் நேரத்தை எட்ட முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் அதே மெல்போர்னில் ஆண்கள் பிரிவில் வேறொரு புதுமை நடந்தது. ஜப்பானின் மசாரு புருகாவா, தூரத்தின் பெரும்பகுதியை நீருக்கு அடியிலேயே நீந்தித் தங்கம் வென்றார். காரணம் என்ன? கிணற்றில் ஒருவர் வேகமாக நீந்தும்போது அலைகள் சுவரில் மோதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அலைகளின் ஆற்றல் நீந்துபவரின் உடலிலிருந்து போனதே. போதிய ஆழத்தில் நீந்தினால் இந்த அலைச் செலவு மிகவும் குறைகிறது. விரைவில் இதற்கும் தடை வந்தது. புறப்படும்போதும் திரும்பும்போதும் மட்டுமே சிறிது நேரம் மூழ்கி நீந்தலாம் என்று விதி திருத்தப்பட்டது.

இனி அந்த 49 வினாடிக்கு வருவோம். ஆரத்தி சாகாவின் சராசரி வேகம் வினாடிக்கு 0.91 மீட்டர், செக்கெலியின் வேகம் 1.16 மீட்டர். வேறுபாடு சிறியதாகவே தோன்றும். ஆனால் நீரின் தடைவிசை ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கும், அதனை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கும் நேர்விகிதத்தில் அமைகின்றன. எனவே அச்சிறுமி தம் முறையை மாற்றாமல் தங்கப் பதக்க நேரத்தை எட்ட, இருமடங்கிற்கும் சற்று மேலான திறன் தேவைப்பட்டிருக்கும். லூசி மார்ட்டனின் நேரத்தை எட்டவோ, சுமார் 11 விழுக்காடு கூடுதல் திறன் போதும். வளரும் உடலுக்கு இரண்டாவது எட்டக்கூடியது. முதலாவது எத்துணைத் தொலைவு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அவர் நீச்சலைக் கைவிடவில்லை. 1959 செப்டம்பர் 29 அன்று பிரான்சின் கிரி நே முனையிலிருந்து புறப்பட்டு, 16 மணி 20 நிமிடம் நீந்தி இங்கிலாந்தின் கரையை அடைந்தார். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவரே. அதற்கு ஒரு மாதம் முன்பு செய்த முதல் முயற்சி, கரை நெருங்கிய நிலையில் தோல்வியில் முடிந்திருந்தது. 1960இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1994இல் அவர் மறைந்தார்.

2023இல் ரஷ்ய வீராங்கனை எவ்கேனியா சிக்குனோவா இதே 200 மீட்டரை 2 நிமிடம் 17.55 வினாடியில் நீந்தினார். இதற்குள் விதிகள் மேலும் மாறிவிட்டன. 1987 முதல் நீந்தும்போது தலை நீருக்குள் அமிழலாம். ஆகவே நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இத்தகைய எண்களைப் படிக்கும்போது, அவற்றுள் இரண்டு விதிகள் அடங்கியிருப்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஒன்று கூட்டம் கூடி மனிதர் எழுதியது, அடிக்கடி மாறும். மற்றொன்று தண்ணீர் எழுதியது. ஹெல்சிங்கியிலும் நம்மூர்க் கிணற்றிலும் ஒன்றே.