கரி பஸ்ஸும் கூலிங் பைப்பும்

பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப கீரனூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தினேன். திரும்பி வந்து பார்த்தா வண்டிக்கு அடியில சிவப்பா எண்ணெய். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஆட்டோமேடிக் கியர் வண்டி. புதுக்கோட்டையிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் படுத்துப் பார்த்துட்டு, "தம்பி, கியர் ஆயில் ரேடியேட்டருக்குப் போயி ஆறி வர்ற லைன் இது. எவனோ தண்ணி ஹோஸை வெட்டி மாட்டியிருக்கான். ஆயில் பட்டு ஊறி உப்பிப் போச்சு"ன்னார். அதுக்குண்டான ஆயில் ஹோஸ் போட்டு, கிளாம்ப் மாத்தி, சொட்டின ஆயிலை ஊத்தி அனுப்பி வச்சார். அப்படியே ஓட்டியிருந்தா கியர்பாக்ஸே போயிருக்குமாம். இன்ஜினியரிங் படிச்ச எனக்கு அப்படி ஒரு லைன் இருக்குன்னே அன்னிக்குத்தான் தெரியும் :-)

மிச்ச தூரம் பூரா எங்க பெரியய்யா (அய்யாவோட அண்ணன்) ஞாபகம்தான். அவர் யுத்த காலத்துல கரி பஸ்ல கிளீனரா இருந்தவர்.

எங்க பக்கத்துக்கும் பஸ்ஸுக்கும் பழைய உறவு. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-ல் பஸ் தொழிலுக்கு வந்தார். அவர் ஆரம்ப நாட்களில் ஓட்டிய தடங்களில் தஞ்சாவூர் - புதுக்கோட்டையும் ஒன்று. அப்போ புதுக்கோட்டை தனி சமஸ்தானம், இந்தியாவோடு இணைந்தது 1948 மார்ச்சில்தான். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைய, பிரிட்டிஷ்காரர்களே ஏனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளை அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். இங்கே பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் எதில் ஓடும்? கரியில்! சுந்தரம் ஐயங்காரே டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று ஒன்றை வடிவமைத்துத் தயாரித்தார். ஜெர்மனியிலும் அப்போ லட்சக்கணக்கான வண்டிகள் விறகிலும் கரியிலும்தான் ஓடின. அதே வருஷங்களில் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஹைட்ராமேடிக் என்ற ஆட்டோமேடிக் கியரோட விற்பனைக்கு வந்துவிட்டது என்பது தனி வயித்தெரிச்சல்.

விஷயம் இதுதான். பஸ்ஸுக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு உலை. அதில் கரியைப் போட்டு, காற்றைக் கம்மியாக விட்டால் முழுசா எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். இன்ஜினுக்கு அதுதான் சாப்பாடு. ஆனா உலையிலிருந்து சுடச்சுட வரும் வாயுவை அப்படியே உள்ளே விட முடியாது. சூட்டில் விரிந்த வாயு சிலிண்டரில் கொஞ்சம்தான் கொள்ளும், இழுவை இருக்காது. அதனால நீளமான பைப்பில் சுற்றவிட்டு ஆறவைத்து, சாம்பலை வடிகட்டித்தான் அனுப்பணும். அப்படியும் பெட்ரோலோடு பார்த்தால் மூணில் ஒரு பங்கு சக்தியாவது குறையும். மேட்டில் ஜனங்கள் இறங்கித் தள்ளுவாங்களாம்.

அந்தப் பைப்பைப் பாத்துக்கிறதுதான் கிளீனர் வேலை. விடியுமுன்னே எழுந்து பைப்பைக் கழட்டிக் கரித்தூளைத் தட்டணும், வடிகட்டியைச் சுத்தம் பண்ணணும், உலையைப் பத்தவச்சு ஊதுகாத்தாடியைக் கையால சுத்தணும். பெரியய்யா கடைசிவரை வலது தோளைத் தேய்ச்சுக்கிட்டேதான் பேசுவார்.

ஒருநாள் மழை. ஷெட் கதவைச் சாத்திட்டு உலையைப் பத்தவச்சிருக்கார். பைப் ஜாயிண்டில் லேசா ஒழுக்கு. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை வலிக்குது, தூக்கம் வருதுன்னு சுவரோரம் உட்கார்ந்தவர்தான். டிரைவர் வந்து வெளியே இழுத்துப் போட்டு, மழையில கிடந்து முழிச்சாராம். முதலாளி "வண்டி ஏன் லேட்டு?"ன்னு கேட்டதுதான் அவருக்குக் கடைசிவரை ஆறலை. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்.

யுத்தம் முடிஞ்சு பெட்ரோல் தாராளமா கிடைக்க ஆரம்பிச்சதும் கேஸ் பிளான்ட்களைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. பெரியய்யா மட்டும் எந்தப் புது வண்டி வீட்டுக்கு வந்தாலும் பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பைப் ஜாயிண்டையும் விரலால தடவிப் பார்த்துட்டுத்தான் ஏறுவார். சின்னப் பிள்ளையில நாங்க எல்லாரும் சேர்ந்து சிரிச்சிருக்கோம்.


இந்தத் தடவை ஊரிலிருந்து கிளம்புறதுக்கு முன்னாடி நானும் குனிஞ்சு அந்தப் புது ஹோஸைத் தடவிப் பார்த்தேன். காய்ஞ்சுதான் இருந்தது.