64ஏ: கம்பத்துல யாரும் பேசாத சட்டப்பிரிவு

சென்னையில "எந்த ஊரு?"ன்னு கேட்டா கம்பம்னு சொல்வேன். உடனே ஒரு நமட்டுச் சிரிப்பு வரும். திராட்சை, முல்லைப் பெரியாறு, பக்கத்துல இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், எதுவும் அவங்களுக்கு ஞாபகம் வராது. கஞ்சா மட்டும்தான். இந்தச் சிரிப்பாலதான் எங்க ஊர்ல ஒருத்தன் பழக்கத்தை விடணும்னு நெனச்சாக்கூட, டாக்டருக்கு முன்னாடி போலீஸ்தான் அவன் கண்ணுக்குத் தெரியுது.

1985-ல போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அதுல கஞ்சான்னா செடியோட பூவும் காயும் உள்ள நுனிதான். தனி இலை அந்த வரையறைக்குள்ள வராது. வடக்கே பாங்குக் கடை நடக்குறது அதனாலதான். மலையேறிப் போய் போலீஸ் செடி வெட்டின கதைகளைக் கேட்டே வளர்ந்தேன். ஆனா 1989-ல அதே சட்டத்துல சேர்த்த 64ஏ பிரிவைப் பத்தி ஊர்ல யாரும் சொல்லிக் கேட்டதில்ல.

2001 திருத்தத்துக்கு அப்புறம் அது சொல்றது இதுதான்: போதைக்கு அடிமையான ஒருத்தர், பயன்படுத்தினதுக்காகவோ சிறிய அளவு வெச்சிருந்ததுக்காகவோ மாட்டினா, தானா முன்வந்து அரசு நடத்துற அல்லது அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சை எடுத்தால் அவர்மேல வழக்கு நடத்தக் கூடாது. கஞ்சாவுல சிறிய அளவுன்னா 1 கிலோ வரைக்கும். சிகிச்சையைப் பாதியில விட்டா அந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கலாம்.

சரி, பயம் வாசல் வரைக்கும் கூட்டிட்டு வரும். உள்ள உட்கார வைக்குமா?

சாந்தி ரங்கநாதன் வேற வழியில போனாங்க. குடிப்பழக்கத்தால 1979-ல கணவரை இழந்தவங்க. 1980-ல அவர் பேர்லயே சென்னையில சிகிச்சை மையம் தொடங்கினாங்க. அப்புறம் 1989-ல தஞ்சை வட்டாரத்து மஞ்சக்குடியில முகாம். பெரும்பாலும் குடிநோயாளிகள்தான். ஊரே இடம் கொடுக்கும், குடும்பமும் கூட உட்காரும், முகாம் முடிஞ்சப்புறமும் வந்து பார்ப்பாங்க. 1983-ல வில்லியம் மில்லர் எழுதினதும் கிட்டத்தட்ட இந்தத் திசைதான்: அதட்டி ஒத்துக்க வைக்காதே, விடுறதுக்கான காரணம் அவன் வாயிலேர்ந்தே வரட்டும்.

எங்களுக்குத் தேனி தாண்டி க.விலக்குல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. பஸ்ல ஏறினா தெரிஞ்ச முகம் இருக்கும், "எங்கப்பா போற?"ன்னு கேக்கும். என் கூட்டாளி ஒருத்தன் "அம்மாவுக்குச் சுகர் மாத்திரை வாங்க"ன்னு சொல்லிட்டே மூணு தடவை போனான். நாலாவது தடவை அம்மாவே அவன்கூட பஸ் ஏறினாங்க.