திருமறைக் காலத்தில் கரியும் கனலும்

நெருப்பை உண்டாக்கக் கற்றதோடு மனிதன் நின்றுவிடவில்லை. அதைச் சேமித்து வைக்கவும், ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் சுமந்து செல்லவும், வேண்டும்போது வேண்டிய அளவு பயன்படுத்தவும் கற்றான். அதற்கு அவனுக்குத் துணை செய்த பொருள் கரி. பார்வைக்கு எளியது, தொட்டால் கையில் ஒட்டிக்கொள்வது, விலை மதிப்பற்றதென ஒதுக்கப்படுவது. ஆயினும் பண்டை இஸ்ரவேல் மக்களின் அடுக்களை, கொல்லுலை, ஆலயம், அரண்மனை, எழுத்தன் இருக்கை ஆகிய அனைத்திலும் அது இடம் பெற்றிருந்தது.

அக்கால வரலாற்றை எழுதுவோர் அரசர்களின் போர்களையும் ஆலயத்தின் அழகையும் விரித்துரைப்பர். அவ்வாலயத்தின் பலிபீடத்திற்கு விறகு சுமந்தவர் யாவர், அரசனின் வாளுக்கு இரும்பு காய்ச்சியவர் யாவர் என வினவுவோர் சிலரே. கரியின் வரலாற்றைத் தேடிச் சென்றால் அம்மக்களையும் சந்திக்கலாம்.

கரியைக் குறிக்கும் சொற்கள்

திருமறையில் கூறப்படும் கரி நிலத்தினின்று வெட்டியெடுக்கும் நிலக்கரி அன்று, மரக்கரியே ஆகும். எபிரெய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் சிறப்பாக வழங்கின. இன்னும் பற்றாத கருங்கரி 'பெஹாம்' எனப்பட்டது. கனன்றுகொண்டிருக்கும் தழல் 'கஹெலெத்' எனப்பட்டது. நீதிமொழிகள் 26-ஆம் அதிகாரம் இவ்விரு சொற்களையும் ஒரே வாக்கியத்தில் அமைத்து, தழலின்மேல் கரியைப் போடுவதைச் சண்டைக்காரன் பகையை மூட்டுவதற்கு உவமையாகக் கூறுகிறது. நாள்தோறும் அடுப்பின்முன் அமர்ந்த மக்களுக்கு இவ்வுவமை விளக்கமின்றியே விளங்கியிருக்கும்.

மரத்துண்டுகளை அடுக்கி, தழையும் மண்ணும் கொண்டு மூடி, உள்ளே காற்று மிகாதவாறு காத்து, மெல்லப் புகையவிட்டுக் கரி செய்தனர். நாம் கரிமூட்டம் என்பது இதுவே. மரத்திலுள்ள நீரும் ஆவிப்பொருள்களும் நீங்க, கரிமம் மட்டும் எஞ்சும். மூட்டத்தில் இட்ட மரத்தின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் கரியாகக் கிடைக்கும். காற்று சற்று மிகுந்தால் அனைத்தும் சாம்பலாகிவிடும். ஆதலின் இது இரவும் பகலும் விழித்திருந்து செய்யவேண்டிய தொழில்.

பாலைநிலத்தில் வளரும் ஒரு புதர்ச்செடி நெடுநேரம் கனலும் கரிக்குப் பெயர் பெற்றது. எபிரெயத்தில் அதன் பெயர் 'ரோதெம்'. தமிழ்த் திருமறையில் இது சூரைச்செடி என வழங்குகிறது. 120-ஆம் சங்கீதம் பொய் நாவுக்குக் கிடைக்கும் தண்டனையாக இச்செடியின் தழலைக் குறிப்பிடுகிறது. பொய் விளைவிக்கும் புண்ணும் விரைவில் ஆறாதாகலின் இவ்வுவமை பொருத்தமுடையதே. எலியா தீர்க்கதரிசி மனமுடைந்து சாக விரும்பிப் படுத்திருந்ததும் இச்செடியின் நிழலில்தான். அவர் விழித்தபோது தழலில் சுட்ட அடை ஒன்று தலைமாட்டில் இருந்ததாக முதலாம் இராஜாக்கள் நூல் கூறுகிறது.

உலைக்களமும் உழைப்பாளரும்

செம்பு உருகுவதற்கு 1,085 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். வெறும் விறகு நெருப்பில் இவ்வெப்பத்தைப் பெறுதல் அரிது. கரியை இட்டுத் துருத்தியால் ஊதினால் இதனைப் பெறலாம். மேலும், கரி எரியும்போது எழும் வாயு தாதுப்பொருளிலுள்ள பிராணவாயுவைப் பிரித்தெடுத்து, தூய உலோகத்தை வெளிப்படுத்துகிறது. எனவே கரி இல்லையேல் செம்பும் இல்லை, இரும்பும் இல்லை, கலப்பையும் இல்லை, வாளும் இல்லை.

இவ்வுண்மையை அக்கால வல்லரசுகள் நன்கு அறிந்திருந்தன. இஸ்ரவேல் மக்கள் ஆயுதம் செய்யாதபடி அவர்கள் நாட்டில் கொல்லரே இராதவாறு பெலிஸ்தர் தடுத்தனர் என்று முதலாம் சாமுவேல் 13-ஆம் அதிகாரம் கூறுகிறது. உழவன் தன் கலப்பையின் கொழுவைத் தீட்டவும் பெலிஸ்தரிடமே செல்ல வேண்டியிருந்தது. அதற்குரிய கூலி 'பிம்' என்று எபிரெய மூலத்தில் உள்ளது. இச்சொல்லின் பொருள் நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. பின்னர் இச்சொல் பொறித்த சிறு எடைக்கற்கள் அகழ்வாய்வில் கிடைத்தபின், அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு சேக்கல் எடையுள்ள வெள்ளி என்பது தெளிவாயிற்று. கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தபோதும் தச்சரையும் கொல்லரையும் சிறைப்படுத்திக் கொண்டுசென்றான். ஒரு மக்களை அடக்கி வைக்க வேண்டுமாயின் அவர்களுடைய தொழிலறிவைப் பறிக்க வேண்டும் என்பது ஆண்டோரின் பழைய சூழ்ச்சியாகும்.

உலையின்முன் நின்றவனது நிலை யாது? கரித்தழலில் இரும்பைக் காய்ச்சிச் சம்மட்டியால் அடிக்கும் கொல்லன், பசியால் வலிமை இழந்து, தண்ணீரின்றிக் களைத்துப்போவதை ஏசாயா 44-ஆம் அதிகாரம் காட்டுகிறது. விக்கிரக வழிபாட்டைக் கண்டிக்கும் பகுதியிலும் தொழிலாளியின் பசி தீர்க்கதரிசியின் கண்ணுக்குத் தப்பவில்லை.

தொழிலாளரைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணங்கள் எவ்வளவு எளிதில் தவறக்கூடும் என்பதற்குத் திம்னாப் பள்ளத்தாக்கு ஒரு சான்று. செங்கடலின் வடமுனைக்கு அருகிலுள்ள அங்கே பண்டைக்காலத்தில் செம்பு காய்ச்சினர். 1934-இல் அவ்விடத்தை ஆராய்ந்த நெல்சன் குளூக் என்னும் அறிஞர், மதில் சூழ்ந்த ஒரு குன்றைக் கண்டு, இத்தகைய கடுந்தொழிலை அடிமைகளே செய்திருப்பர் எனக் கருதி, அதற்கு 'அடிமைகளின் குன்று' எனப் பெயரிட்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் அண்மைக் காலத்தில் எரெஸ் பென்-யோசெப் தலைமையில் நடந்த ஆய்வுகள் வேறு உண்மையைப் புலப்படுத்தின. உலையருகே பணிபுரிந்தோர் ஆட்டிறைச்சியின் நல்ல பகுதிகளையும், தொலைவிலுள்ள மத்தியதரைக் கடலிலிருந்து கொண்டுவந்த மீனையும் உண்டனர் என்பதை அங்குக் கிடைத்த எலும்புகள் காட்டின. இம்முடிவு 2014-இல் வெளியாயிற்று. கி.மு. 1000 அளவினதாகிய, விலையுயர்ந்த ஊதாச் சாயம் தோய்ந்த கம்பளித் துணியும் அக்குன்றில் கிடைத்த செய்தி 2021-இல் வெளிவந்தது. அங்கே உலையின்முன் நின்றோர் அடிமைகள் அல்லர். மதிக்கப்பட்ட தொழில் வல்லுநர் என்பதே இன்றைய ஆய்வாளர் கருத்து. கரி படிந்த கையைக் கண்டவுடன் அது அடிமையின் கை என்று முடிவு செய்தது வரலாற்றின் குற்றமன்று. பார்த்தவர் பார்வையின் குற்றமே.

அதே திம்னாவில் கசடுக் குவியல்களிலிருந்து எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கரித்துண்டுகளை ஆராய்ந்து 2022-இல் மற்றொரு முடிவும் வெளியிடப்பட்டது. தொடக்கத்தில் ரோதெம் செடியும் வேலமரமும் போன்ற நல்ல விறகைப் பயன்படுத்தினர். காலம் செல்லச் செல்ல அவை அருகிப்போகவே, தரம் குறைந்த மரங்களையும் தொலைவிலிருந்து கொணர்ந்த மரங்களையும் எரித்தனர். இவ்வாறு விறகு தீர்ந்ததும் ஒரு காரணமாக, ஏறக்குறைய 250 ஆண்டுகள் நடந்த அத்தொழில் கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் நின்றுபோயிற்று என்பர் அவ்வாய்வாளர்.

பலிபீடத் தழல்

ஆலயப் பலிபீடத்தின் நெருப்பு ஒருபோதும் அவியலாகாது என்பது லேவியராகமம் கூறும் விதி. ஆண்டுக்கு ஒருமுறை, பாவநிவிர்த்தி நாளில், பிரதான ஆசாரியன் அப்பீடத்தின் தழலைத் தூபகலசத்தில் நிரப்பிக்கொண்டு மகா பரிசுத்த இடத்திற்குள் செல்வான். அவ்வளவு தூய்மை வாய்ந்ததாக அத்தழல் கருதப்பட்டது.

ஆனால் அவ்விறகை வெட்டியவர் யாவர்? யோசுவா 9-ஆம் அதிகாரம் விடையளிக்கிறது. கிபியோன் ஊரார் தந்திரமாக உடன்படிக்கை செய்துகொண்டனர் என்பதற்காகச் சபிக்கப்பட்டு, பலிபீடத்திற்கு விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் தலைமுறை தலைமுறையாக விதிக்கப்பட்டனர். தூய தழலுக்கு வேண்டிய விறகைச் சுமந்தவர், பிறப்பினாலேயே அச்சுமைக்கு உரியவராயினர்.

இந்நிலை அப்படியே நீடிக்கவில்லை என்பதையும் நாம் கருத வேண்டும். சிறையிருப்பினின்று மீண்டபின், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில், நெகேமியாவின் காலத்தில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி ஆலயத்திற்கு விறகு கொண்டுவரும் கடமைக்கு ஆசாரியர், லேவியர், பொதுமக்கள் ஆகிய அனைவர் பேரிலும் சீட்டுப் போடப்பட்டது. ஒரு சாராரின் தலையில் சாபமாகச் சுமத்தப்பட்டிருந்த வேலை, யாவருக்கும் முறைவைத்து வரும் கடமையாயிற்று. தாமே அடிமைத்தனத்தில் இருந்து மீண்டவர்கள் செய்த ஏற்பாடு இது என்பது சிந்திக்கத்தக்கது.

ஏசாயா 6-ஆம் அதிகாரத்தில் வரும் காட்சியும் இங்குக் குறிப்பிடத்தக்கது. உசியா அரசன் மரித்த ஆண்டில், ஏறத்தாழ கி.மு. 740-இல், ஏசாயா ஆலயத்தில் ஒரு தரிசனம் கண்டார். தாம் அசுத்தமான உதடுகளை உடையவர் என்றும், அத்தகைய மக்கள் நடுவே வாழ்பவர் என்றும் அவர் அஞ்சினார். அப்போது பலிபீடத்தினின்று குறட்டால் எடுத்த நெருப்புத்தழல் ஒன்று அவருடைய வாயைத் தொட்டது. ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அசுத்தம் எனப்பட்டதைத் தொட்டதனால் தழல் தீட்டுப்படவில்லை. தொடப்பட்ட உதடே தூய்மை பெற்றது. தூய்மை என்பது விலகி நிற்பதால் காக்கப்படுவதன்று, தொட்டு வழங்கப்படுவது என்பதே இக்காட்சியின் உட்பொருள்.

வாழ்வின் அடையாளம்

வீட்டில் தழலை அவியாமல் காப்பது பெண்டிரின் கடமையாக இருந்தது. தெக்கோவா ஊரைச் சேர்ந்த பெண் தாவீதின்முன் பேசும்போது, எஞ்சியிருக்கும் தன் ஒரே மகனைக் கடைசித் தழலாக உருவகித்து, அதையும் அவித்துவிடப் பார்க்கின்றனர் என முறையிட்டாள். அண்டை வீட்டு அடுப்பினின்று ஓட்டில் நெருப்பெடுத்து வரும் வழக்கத்தையும் ஏசாயா நூலால் அறிகிறோம்.

பசித்த பகைவனுக்கு உணவளிப்பது அவன் தலையில் தழலைக் குவிப்பதாகும் என்னும் கருத்து நீதிமொழிகளிலும், அதனைப் பின்பற்றி ரோமர் நிருபத்திலும் வருகிறது. இது பழிவாங்குதலைக் குறிப்பதன்று. பண்டை எகிப்தியக் கதை ஒன்றில், தவறு செய்தவன் மனம் வருந்தித் தலைமேல் நெருப்புச்சட்டியைச் சுமந்து வருகிறான். இதனை எடுத்துக்காட்டி, பகைவனை நாணி மனந்திரும்பச் செய்வதே இவ்வுருவகத்தின் பொருள் என 1953-இல் சீக்பிரீட் மோரென்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் விளக்கினார்.

புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பைக் குறிக்கும் 'அந்திராக்கியா' என்னும் கிரேக்கச் சொல் இரண்டே இடங்களில் வருகிறது. இரண்டும் யோவான் சுவிசேஷத்திலேயே உள்ளன. முதலாவது, ஆசாரியன் அரண்மனை முற்றத்தில் ஊழியக்காரர் மூட்டிய கரிநெருப்பு. அங்கே குளிர்காய்ந்தபோதுதான் பேதுரு தம் ஆசிரியரை மறுதலித்தார். இரண்டாவது, கடற்கரையில் மீன் வைத்திருந்த கரிநெருப்பு. அங்கே அவர் மூன்றுமுறை வினவப்பட்டு, மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டார். வீழ்ந்த இடத்தை ஒத்த இடத்திலேயே எழுச்சியும் நேர்ந்தது.

எரித்த கரியும் எழுதிய கரியும்

இறுதியாக, கல்வியோடு தொடர்புடைய ஒரு பயன். அக்காலத்து மை பெரும்பாலும் கரிப்புகையைப் பிசினோடு கலந்து செய்யப்பட்டது. கரிமம் ஒளியால் மங்குவதில்லை. 1947 முதல் கண்டெடுக்கப்பட்ட சாக்கடல் சுருள்களில் பெரும்பாலானவை இத்தகைய மையினால் எழுதப்பட்டவையே; ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் அவை படிக்கக்கூடியனவாய் உள்ளன.

யோயாக்கீம் அரசனின் காலத்தில், ஏறத்தாழ கி.மு. 604-இல் நடந்த நிகழ்ச்சியை எரேமியா 36-ஆம் அதிகாரம் கூறுகிறது. எரேமியா சொல்லப் பாருக்கு மையினால் எழுதிய சுருள் அரசன்முன் வாசிக்கப்பட்டது. அது குளிர்காலம், அரசன்முன் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்படுந்தோறும் அரசன் சூரிக்கத்தியால் அவற்றை அறுத்துக் கணப்பிலே எறிந்தான். சுருள் முழுவதும் சாம்பலாயிற்று. ஆனால் எரேமியா மற்றொரு சுருளை எடுத்துப் பாருக்கிடம் கொடுத்தார். எரேமியா மீண்டும் சொன்னார். முன்னிருந்த சொற்கள் யாவும் எழுதப்பட்டதோடு, புதிய சொற்களும் சேர்க்கப்பட்டன. அரசனின் கணப்பில் எரித்த கரி ஒன்று. எழுத்தனின் மைக்கூட்டில் எழுதிய கரி மற்றொன்று. எரித்தது அவிந்தது, எழுதியது நின்றது.

இதற்கு ஒப்பான நிகழ்ச்சி நம் காலத்திலும் நேர்ந்துள்ளது. சாக்கடற்கரையிலுள்ள எங்கேதியில் தீக்கிரையான ஒரு பழைய ஜெப ஆலயத்தில், 1970-இல் கரிக்கட்டை போன்ற ஒரு தோற்சுருள் கிடைத்தது. தொட்டால் நொறுங்கும் நிலையிலிருந்த அதனை ஒருவராலும் விரிக்க இயலவில்லை. ஊடுகதிர்ப் படங்களைக் கணிப்பொறியால் ஆராய்ந்து, விரிக்காமலேயே அதைப் படிக்கும் வழியை அமெரிக்கப் பேராசிரியர் பிரெண்ட் சீல்ஸ் குழுவினர் கண்டனர். 2016-இல் முடிவு வெளியாயிற்று. அதில் இருந்தவை லேவியராகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்கள். பலிபீடத்தில் நெருப்பிட்டு, அதன்மேல் விறகை அடுக்க வேண்டும் என்று கூறும் பகுதியும் அவற்றிலேயே உள்ளது.

கரியாகிப் போனது என்று கைவிடப்பட்ட ஒன்றினுள்ளும் எழுத்து உயிரோடிருந்தது. அதனைப் படிக்க அறிவும் பொறுமையும் வேண்டியிருந்தன. கல்விப் பணியில் ஈடுபட்டோர் யாவரும் நெஞ்சில் இருத்தத்தக்க செய்தி இதுவாகும்.