ஏந்துதல், வைத்திருத்தல், ஒப்படைத்தல்: மலாயாவில் கைத்துப்பாக்கி உரிமச் சட்டத்தின் கதை

1949ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், ரவாங்கை அடுத்த வாட்டர்ஃபால் தோட்டப் பகுதியில் எஸ்.ஏ. கணபதி கைது செய்யப்பட்டார். அவரிடம் ஒரு சுழல்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன. மார்ச் 15ஆம் நாள் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் தூக்குக்கும் இடையே கழிந்தவை ஏறத்தாழ ஒன்பது வாரங்கள். அவர் எவரையும் சுட்டார் என்பது குற்றச்சாட்டு அன்று. உரிமமின்றிச் சுடுகலன் ஏந்தினார் என்பதே குற்றச்சாட்டு.

புக்கிட் செந்தோசாவில் இன்று வாழும் நம் குடும்பங்களுள் பல, சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவை. இங்கிருந்து தெற்கே ரவாங் அண்மையில்தான் உள்ளது. பத்தாங்காலியும் அண்மையில் உள்ளது. 1948 டிசம்பர் 12ஆம் நாள் பிரிட்டிஷ் படையினர் ஆயுதமற்ற இருபத்து நான்கு பேரைச் சுட்டுக் கொன்றது அவ்வூரை அடுத்த தோட்டத்தில்தான். வடகிழக்கே கோலகுபு பாருவைக் கடந்து பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில், 1951 அக்டோபர் 6ஆம் நாள் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கப்பட்டு மாண்டார். ஆகவே துப்பாக்கியை யார் ஏந்தலாம், யார் ஏந்தக்கூடாது என்னும் வினா நமக்குத் தொலைதூர நாட்டுச் செய்தி அன்று. நம் வீட்டுப் பின்புறத்து வரலாறு.

இவ்வரலாற்றை நாம் மொழியியல் வழியாகவே அணுக விரும்புகிறோம். சட்டத்தில் ஒரு வினைச்சொல் உயிரைக் காக்கவும் வல்லது, எடுக்கவும் வல்லது. அவசரகால விதிகளும் பின்வந்த சட்டமும் பயன்படுத்திய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் சொல்வதாயின் ‘ஏந்திச் செல்லுதல், வைத்திருத்தல், கட்டுப்பாட்டில் கொண்டிருத்தல்’ என்று மூன்றாக விரிக்கலாம். தமிழில் ‘வைத்திரு’ என்பது ‘வை’ என்னும் செயலோடு ‘இரு’ என்னும் நிலை சேர்ந்த கூட்டுவினை. செயல் முடிந்துவிட்டது, நிலை தொடர்கிறது. ‘கொண்டு’ என்பதோ இன்னும் வழுக்கலானது. ‘துப்பாக்கி கொண்டு வந்தான்’ என்றால் எடுத்து வந்தான் என்று பொருள். ‘துப்பாக்கி கொண்டு மிரட்டினான்’ என்றால் அது கருவியைச் சுட்டும் சொல்லுருபாகிவிடுகிறது. ‘ஒப்படைக்கக் கொண்டு சென்றான்’ என்றாலோ நோக்கம் முன்னே வந்து நிற்கிறது. கணபதியின் வாதம் முழுவதும் ‘ஒப்படைக்க’ என்னும் அந்த ஒரு வினையெச்சத்தில் அடங்கியிருந்தது. வழியில் கிடைத்த துப்பாக்கியைக் காவல்துறையிடம் கொடுக்கச் சென்றதாக அவர் கூறினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

‘துப்பாக்கி’யே நம் சொல் அன்று, துருக்கிய மூலமுடையது. மலாயில் வழங்கும் ‘செனாப்பாங்’ டச்சு மொழியிலிருந்து வந்தது. ‘லெசென்’ ஆங்கிலத்தின் வழி. கருவியும் அதற்கான அனுமதியும் கடல் கடந்து வந்தவை என்பதற்கு இச்சொற்களே சான்று.

அனுமதி முறை எங்கிருந்து புறப்பட்டது என்று பார்ப்போமானால், நம் முன்னோர் கப்பலேறிய மண்ணுக்கே திரும்ப வேண்டும். 1801இல் மருது சகோதரர்களின் எழுச்சியை அடக்கியபின், கம்பெனி அரசு தென்பாளையங்களில் ஆயுதங்களை ஒப்படைக்குமாறு ஆணையிட்டது. 1878இல் லிட்டன் பிரபு ஆட்சியில் இந்திய ஆயுதச் சட்டம் பிறந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியர்க்கு விலக்கு. அதே ஆண்டில், அதே லிட்டன், தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தையும் கொண்டுவந்தார். நாட்டு மொழி இதழ்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன; ஆங்கில இதழ்களுக்கு விலக்கு. ஒரே ஆண்டில் ஒரே கை மக்களின் கருவிக்கும் மொழிக்கும் உரிமம் கேட்டது. மொழி ஆய்வாளர்கள் இந்த இரண்டாவது சட்டத்தை மட்டும் பேசுவதும், சட்ட வரலாற்றாளர்கள் முதலாவதை மட்டும் பேசுவதும் நமக்கு வியப்பளிக்கிறது. பத்திரிகைச் சட்டம் ரிப்பன் பிரபு காலத்தில் விலக்கப்பட்டது. ஆயுதச் சட்டமோ விடுதலைக்குப் பின்னும் நீடித்து, 1959இல்தான் புதிய சட்டத்துக்கு வழிவிட்டது.

மலாயாவில் போர் இவ்வொழுங்கைக் குலைத்தது. ஜப்பானியர் காலத்தில் நம் இளைஞர் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கக் கற்றனர். கணபதியும் அதில் பயிற்றுநராக இருந்தவர். காட்டில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை போரிட்டது. 1945 டிசம்பரில் அப்படை கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தைத் திருப்பிக் கொடுத்த வீரருக்கு 350 வெள்ளி வழங்கப்பட்டது. ஒப்படைப்பவனுக்குப் பரிசு என்பதே அன்றைய நெறி. மூன்றரை ஆண்டுகளுக்குள் ஒப்படைக்கச் சென்றேன் என்று சொன்னவரின் சொல் தூக்குமேடையைத் தடுக்கவில்லை.

இடையில் நடந்தவை பலரும் அறிந்தவை. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டனர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கச் சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. கணபதி அதன் தலைவர். உரிமமின்றிச் சுடுகலன் ஏந்துவோர்க்கு மரண தண்டனை என்னும் விதி ஜூலையில் வந்தது. அரசின் தரப்பையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தோட்டங்கள் தனித்தனித் தீவுகளாகக் காட்டின் ஓரத்தில் கிடந்தன. கொலைகள் உண்மையாகவே நடந்தன. கொல்லப்பட்டோரில் சாதாரணத் தொழிலாளர்களும் இருந்தனர். காட்டிலிருந்து வருபவனைச் சுடும் முன்பே பிடித்தாக வேண்டும் எனில், கையிலுள்ள துப்பாக்கியையே குற்றமாக்குவதுதான் எளிய வழி என்று ஆட்சியாளர் கருதினர்.

ஆனால் அந்த எளிமையின் விலை யார் தலையில் விழுந்தது? அதே தோட்டத்தில் துரையின் இடுப்பில் கைத்துப்பாக்கி தொங்கிற்று. வாயிலில் நின்ற சிறப்புக் காவலரின் தோளில் துப்பாக்கி இருந்தது. அவை உரிமம் பெற்றவை. லயத்தில் இருந்தவனிடம் அதே இரும்பு காணப்பட்டால் மரணம். உரிமம் என்பது கருவியின் தன்மை பற்றியது அன்று, ஏந்துபவரின் தகுதி பற்றியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் நாம் அறிந்தவரை வேறில்லை. தகுதியை நிர்ணயித்தவர்களோ ஆட்சியாளர்கள்.

கணபதிக்காக இந்திய அரசு குறுக்கிட்டது. நேருவின் அரசு தண்டனையைக் குறைக்க வேண்டிற்று. உலகத் தொழிற்சங்கச் சம்மேளனமும் கண்டித்தது. பயன் இல்லை. அவர் தூக்கிலிடப்படுவதற்கு முந்திய நாள், அவருடைய சக தொழிற்சங்கத் தலைவர் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு வழக்கு உண்டு. சட்டக் கல்லூரிகளில் உலகெங்கும் அது பயிலப்படுகிறது. நம் பள்ளிகளிலோ அறியப்படவில்லை. சாம்பசிவம் என்பவர் 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்டார். சுடுகலன் ஏந்தியது, தோட்டாக்கள் வைத்திருந்தது என்று இரு குற்றச்சாட்டுகள். தோட்டாக் குற்றத்திலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். சுடுகலன் குற்றத்துக்கு மட்டும் மறுவிசாரணை நடந்தது. மறுவிசாரணையில் அவர் தந்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் ஒன்று சான்றாக வைக்கப்பட்டது. அதில் துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்தே பேசப்பட்டன. தோட்டாவைப் பொறுத்தவரை அவர் முன்னரே குற்றமற்றவர் எனத் தீர்ப்பாகிவிட்டது என்பது ‘அசெசர்’ எனப்பட்ட துணை நடுவர்களுக்குச் சொல்லப்படவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1950இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அதை இரத்துச் செய்தது. ஒருமுறை விடுதலை என்று தீர்ப்பளித்தால், அத்தீர்ப்பு பின்வரும் எல்லா நடவடிக்கைகளிலும் அரசைக் கட்டுப்படுத்தும் என்பது அங்கு நிலைநாட்டப்பட்ட நெறி. அதே விதி, அதே ஆண்டுகள், இரு தமிழர். ஒருவர் மாண்டார், ஒருவர் பிழைத்தார். பிழைத்தவரைக் காத்தது விதியின் இரக்கம் அன்று. விசாரணை முறையில் இருந்த ஒரு பிழையை மேல்முறையீட்டு நீதிபதிகள் பொறுமையாகப் படித்ததே.

விடுதலைக்குப் பின்னும் அமைப்பு மாறவில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலக் காவல்துறைத் தலைவரே உரிமம் வழங்குவார். உரிமமின்றி வைத்திருந்தால் ஏழாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அதே ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பாதுகாப்புப் பகுதியில் அதே செயலுக்குக் கட்டாய மரணம் என்றது. 1971இல் வந்த சுடுகலன் கூடுதல் தண்டனைச் சட்டம் பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் என்றது. ஒரே துப்பாக்கி, ஒரே கை, மூன்று சட்டங்கள். எதன்கீழ் வழக்குத் தொடுப்பது என்பதை அரசு வழக்குரைஞரே முடிவு செய்வார். பினாங்கைச் சேர்ந்த தே செங் போ வழக்கில் இது சமத்துவ உரிமைக்கு முரண் என்று வாதிடப்பட்டது. 1978இல் பிரிவி கவுன்சில் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் அவரை விசாரித்த 1975ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகள் செல்லாதவை என்றது. நம் கருத்தில், முதல் விடையே இவ்வரலாற்றின் மிகப் பலவீனமான பகுதி. உயிர் போவதும் ஏழாண்டுச் சிறையும் ஓர் அலுவலரின் தேர்வில் தொங்குமாயின், உரிமச் சட்டம் தெளிவானது என்று எப்படிச் சொல்வது? அச்சிறப்பு விதிகளின்கீழ் 1977இல் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, துப்பாக்கி வைத்திருந்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பெழுந்தது, தண்டனை பின்னர் மாற்றப்பட்டது.

மறுகோடியில் அமெரிக்கா நிற்கிறது. அங்கு விவாதம் தலைகீழானது: ஏந்துவது உரிமையா, சலுகையா? நியூயார்க்கின் 1911ஆம் ஆண்டு சல்லிவன் சட்டத்தின் வழிவந்த முறைப்படி, கைத்துப்பாக்கியோடு வெளியே செல்ல விரும்புவோர் தனித்த தேவையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. ஆனால் நம் துறையினர்க்குச் சுவையானது 1998ஆம் ஆண்டு மஸ்கரெல்லோ வழக்கு. போதைப்பொருள் குற்றத்தின்போது துப்பாக்கியை ‘ஏந்தினால்’ கூடுதலாக ஐந்தாண்டுச் சிறை. வண்டியின் முன்பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்தால் அது ‘ஏந்துதல்’ ஆகுமா? நீதிபதி பிரேயர் அகராதிகளையும் விவிலியத்தையும் ராபின்சன் குரூசோவையும் மோபி டிக்கையும் புரட்டினார், செய்தித்தாள்களின் கணினித் தொகுப்பிலும் அச்சொல்லைத் தேடினார், ஆகும் என்றார். நீதிபதி கின்ஸ்பர்க் மறுத்தார். ஐவருக்கு நால்வர் என்று முடிந்தது. 2008ஆம் ஆண்டு ஹெல்லர் வழக்கில் மொழியியலாளர்களே ‘ஆயுதம் ஏந்துதல்’ என்னும் தொடரின் பொருளை விளக்கி மனு அளித்தனர்; பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை.

அமெரிக்க வழியை நம் நாடு பின்பற்ற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மலேசியாவில் உரிமம் கிடைப்பது அரிது என்பதாலேயே நம் தெருக்களில் துப்பாக்கி அரிதாக உள்ளது. இதை இழக்க எவரும் விரும்பமாட்டார். கண்டிப்பான உரிமமும் கண்மூடித்தனமான தண்டனையும் ஒன்று என்று மயங்குவதைத்தான் மறுக்கிறோம். உரிமம் யாருக்கு என்று வரையறுப்பது ஒரு வேலை. உரிமமற்ற கையில் துப்பாக்கி ஏன் இருந்தது என்று கேட்பது இன்னொரு வேலை. 1948ஆம் ஆண்டு விதி இரண்டாவதற்குரிய இடத்தை மிகக் குறுக்கியது.

அந்த இடம் சிறிது சிறிதாகவே திறந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது; 57ஆம் பிரிவும் அதனோடு போயிற்று. 2023 ஜூலை 4ஆம் நாள் கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குற்றம் புரியும்போது துப்பாக்கியால் சுட்டவருக்குக்கூட, மரணமா முப்பது முதல் நாற்பது ஆண்டுச் சிறையா என்று நீதிபதி எண்ணிப் பார்க்கலாம். முன்னரே தண்டிக்கப்பட்டவர்களின் தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கூட்டரசு நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரமும் தரப்பட்டது. உரிமமின்றி வெறுமனே வைத்திருந்தவருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் பிரிவு இன்றும் உள்ளது. சிறைக் காலத்தை நீதிபதி குறைக்கலாம். ‘ஆறுக்குக் குறையாத’ என்னும் பிரம்படியை அவரால் குறைக்க இயலாது.