காளானுக்குப் பெயரிட்ட வரலாறு

கேமரன் மலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்தால், பட்ட மரங்களிலும் சருகுகளிலும் காளான்கள் குடை விரித்து நிற்கும். அவற்றை மிதித்துச் சென்றே கொழுந்தெடுக்கின்றோம். பெயர் கேட்பார் எவருமிலர். ஆனால் குடைக்காளானும், இலையை அரிக்கும் கண்காணாப் பூசணமும் ஓரினமே. அவ்வினத்திற்கும் நமது சோற்றுக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று.

இலங்கை ஒரு காலத்தில் காப்பி நாடு. நம்மவர் கடல் கடந்து முதலிற் சென்றதும் காப்பித் தோட்டங்களுக்கே. 1869-ஆம் ஆண்டில் அவ்விலைகளில் துருநிறப் பொடி படர்ந்தது. பேராதனைப் பூங்காத் தலைவர் துவெயிட்ஸ் இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்கிலி என்னும் பாதிரியார் அப்பூசணத்துக்குப் பெயரிட்டார். ஆயினும் அது பரவும் வகையை ஆராய மார்ஷல் வார்டு வந்தது 1880-இலேதான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. காப்பி அழிந்தது, துரைமார் நொடித்தனர், கூலி பெறாது கலங்கிய தொழிலாளர் பலர்.

தேயிலையின் கதை வேறு. அதன் கொப்புள நோய்ப் பூசணத்துக்கு அஸ்ஸாம் இலைகளைக் கொண்டு மாசி என்பவர் 1898-லேயே பெயரிட்டிருந்தார். 1946-இல் அந்நோய் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் புகுந்தபோது, வந்த பகைவன் இன்னானென்று தெரிந்திருந்தது. செம்பு மருந்து தெளித்தனர், தேயிலை பிழைத்தது. பெயரறிதல் வீண் வேலையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் நாட்டுக்கு வருவோம். ஓராங் அஸ்லி மக்கள் தொன்றுதொட்டு மருந்தாகக் கொண்ட புலிப்பால் காளானுக்கு 1879-இல் குக் என்னும் ஆங்கிலேயர் நூற்பெயர் சூட்டினார். மலாயாக் காளான்களின் பட்டியலைச் சிங்கப்பூரில் 1921-இல் வெளியிட்டவர் சிப். 1929 முதல் இந்நாட்டுக் காடுகளில் திரிந்து ஆராய்ந்தவர் கார்னர். அனைவரும் அயலாரே. 2012-இலோ, கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்திலிருந்து லீ சூ சீ முதலியோர் தொகுத்த மலேசியக் காளான் பட்டியல் வெளிவந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் புலிப்பால் காளானை ஆராய்ந்தவருள் முன்னிற்பவர் பேராசிரியர் விக்கினேஸ்வரி சபாரத்தினம். நம் இனத்துப் பெண்மணி ஒருவர் இத்துறையில் தலைநிமிர்ந்து நிற்பது நமக்குப் பெருமையன்றோ!

உலகில் காளான் வகைகள் 22 இலட்சத்துக்குக் குறையா என்று 2017-இல் அறிஞர் கணித்தனர். பெயர் பெற்றவை ஏறத்தாழ ஒன்றரை இலட்சமே. எஞ்சியவை காட்டிலும் தோட்டத்திலும் காத்துக் கிடக்கின்றன.

இலையில் விழும் முதற் புள்ளியைக் காண்பது துரையின் கண்ணன்று, கொழுந்தெடுப்பவளின் கண். பயிர் கருகினால் கண்ணேறு என்றும் சாமி குற்றம் என்றும் சொல்லி எலுமிச்சம்பழம் அறுப்பதை விடுவோம். அக்கண்ணுக்குக் கல்வியைக் கொடுப்போம். அவள் மகள் பெயரிடும் காளானொன்று அடுத்த பட்டியலில் ஏறட்டும்!