சலூனில் தோன்றிய சஞ்சிகை: டொமினிக் ஜீவாவும் ஈழத்து நூல்களும்

ஒருவர் நூல் எழுதிவிட்டால் மட்டும் அவர் பெயர் இலக்கிய வரலாற்றில் நின்றுவிடுவதில்லை. அந்நூலைப் படித்து, அது இத்தகையது என்று மற்றொருவர் அச்சில் எழுதி வைத்தல் வேண்டும். எழுதியவர் சேரியிலோ குக்கிராமத்திலோ பிறந்தவராயின் அவ்வாறு எழுதி வைப்பார் யார்? இவ்வினாவுக்குக் கடல் கடந்த யாழ்ப்பாணத்தில் தம் வாழ்நாளையே விடையாகத் தந்த ஒருவரின் வரலாற்றை நமது கழகத்தின் வெள்ளி விழா மலரில் எழுதக் கிடைத்தமை பொருத்தமே என்று கருதுகிறோம்.

1927ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் யாழ்ப்பாண நகரில், முடிதிருத்தும் தொழில் செய்து வாழ்ந்த குடும்பம் ஒன்றில் டொமினிக் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. வறுமை மட்டுமே அதற்குக் காரணமன்று. சாதியைச் சுட்டி வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் வீசிய சொல்லே அச்சிறுவனை வெளியே தள்ளியது. ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்னும் தன்வரலாற்றில் அவர் இதனை மறைக்காமல் எழுதியுள்ளார். இரங்கத் தக்க செய்தியாகவன்றித் தம்மை உருவாக்கிய செய்தியாகவே அதனைச் சொல்கிறார் என்பதைப் படிப்போர் உணர்வர்.

பின்னர்ச் சலூனே அவருக்குப் பள்ளியாயிற்று. காத்திருப்போர் பொழுதுபோக்குக்காகக் கிடந்த பத்திரிகைகளை அவர் படித்தார். பொதுவுடைமைத் தோழர்களும் எழுத்தாளர்களும் அங்கே வந்து உரையாடினர். தலைவர் ப. ஜீவானந்தத்தின்பால் கொண்ட பற்றினால் அவர் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து டொமினிக் ஜீவா ஆனார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுத வந்தவர் அல்லர் அவர். அதனைப் பிடித்துக்கொண்டே எழுதியவர். தொழிலை ஒருபோதும் ஒளித்ததுமில்லை.

சென்னையில் விஜயபாஸ்கரன் நடத்திய ‘சரஸ்வதி’ அவருடைய கதைகளை வெளியிட்டது. 1960இல் வெளிவந்த ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. குடிதண்ணீருக்கும் சாதி பார்க்கும் ஊரில், தண்ணீரையும் கண்ணீரையும் அருகருகே வைத்த தலைப்பின் பொருளை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் மரபு பேசிய பண்டிதர் சிலர், இத்தகைய எழுத்துகளை ‘இழிசனர்’ வழக்கு என்று இகழ்ந்தனர். பேச்சுத் தமிழை எழுத்தில் ஏற்றியதே குற்றம் என்பது அவர்தம் வாதம். மொழியைப் பற்றிய வாதம்போல் தோன்றினும், யார் எழுதலாம் என்பதே அதன் உட்பொருள் என்பது எம் துணிபு.

1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ மாத இதழ் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. காவலரின் தடியடியும் நடந்தது. தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நுழைவதற்கு மக்கள் இரத்தம் சிந்திய காலம் அது. அந்தச் சூழலிலேதான், முடிதிருத்தும் நிலையத்திலிருந்து ஓர் இலக்கிய இதழ், சாதியால் உயர்ந்தோர் எனப்பட்டவருடைய எழுத்தையும் கேட்டு வாங்கி வெளியிட்டு, அவர்களையும் தன் வாயிலுக்கு வரச் செய்தது.

மல்லிகையின் பெரும்பணி ஈழத்து எழுத்தாளரை ஈழத்து வாசகருக்கு அறிமுகம் செய்ததே. அக்காலத்தில் இலங்கைக் கடைகளில் தொங்கியவை பெரும்பாலும் சென்னை வார இதழ்கள். உள்ளூரார் எழுதிய நூலை உள்ளூராரே வாங்குவதில்லை. ஜீவா இதழின் அட்டையில் திரைப்பட நடிகையரின் படத்தைப் போடவில்லை. உள்நாட்டு எழுத்தாளர், கலைஞர், கல்வியாளர் முகங்களை இட்டு, உள்ளே அவர்தம் பணியை மதிப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டார். அக்கட்டுரைகள் பின்னர் ‘அட்டைப்பட ஓவியங்கள்’, ‘மல்லிகை முகங்கள்’ என்ற நூல்களாயின. புதிய நூல்களுக்கு மதிப்புரைகள் வந்தன. ‘தூண்டில்’ பகுதியில் வாசகர் வினாக்களுக்கு அவரே விடையளித்தார். தென்னிலங்கைத் திக்குவல்லைக்கென்றே ஒரு சிறப்பிதழ் வெளியிட்டார். மலையக எழுத்துக்கும் இடம் தந்தார். சிங்களக் கதைகளைத் தமிழில் வரச் செய்தார். வடமராட்சியின் தெணியான், திக்குவல்லைக் கமால், நீர்கொழும்பின் முருகபூபதி போன்றோர் மல்லிகையில் எழுதி வளர்ந்தோர் ஆவர்.

இதழை விற்றதும் அவரே. தோளில் பையைச் சுமந்து, தெருவிலும் கூட்டங்களிலும் கையில் கொடுத்துக் காசு வாங்கினார். அவ்வாறு விற்பது இழுக்கென்று கருதிய எழுத்தாளர் பலர் இருந்தனர். அவர்தம் கதைகளும் அந்தப் பைக்குள்தான் இருந்தன!

மல்லிகையின் மதிப்புரைகளில் கண்டிப்பைவிடத் தட்டிக்கொடுத்தலே மிகுதி என்ற குறை கூறப்பட்டதுண்டு. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் ஒருபோதும் மதிப்புரையே காணாத எழுத்தாளர்க்குக் கண்டனத்தினும் கவனிப்பே முதற்கண் தேவைப்பட்டது என்று நாம் கருதுகிறோம். மற்றொன்றும் சொல்லல் வேண்டும். 1964இல் இலங்கைப் பொதுவுடைமை இயக்கம் பிளவுண்டபோது, ‘பஞ்சமர்’ நாவலாசிரியரும் நெடுநாள் தோழருமான கே. டானியல் சீனச் சார்பிலும், ஜீவா மாஸ்கோச் சார்பிலும் நின்றனர். தீண்டாமை எதிர்ப்புப் போரில் முன்னின்றது டானியல் சார்ந்த அணியே. ஜீவாவோ இதழை எல்லார்க்கும் உரிய மேடையாக வைத்துக்கொண்டார். இவ்விரு வழிகளுள் எது சிறந்தது என்று வழக்காடுவோர் இன்றும் உளர். டானியலின் நாவல்கள் நம் துயரத்தை எழுதின. மல்லிகை அத்துயரத்தை எழுதுவோர்க்கும் பிறர்க்கும் ஒரே பந்தியில் இலை போட்டது. இரண்டும் வேண்டியிருந்தன என்பதே எம் கருத்து.

போர்க்காலத்தில் தாள் கிடைப்பதும் அரிதாயிற்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபின், ஊரில் அச்சான ஒவ்வொரு தாளும் அருமை பெற்றது. தொண்ணூறுகளில் ஜீவா கொழும்புக்குப் பெயர்ந்து, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து இதழைத் தொடர்ந்தார். ‘மல்லிகைப் பந்தல்’ வாயிலாகப் பிறருடைய நூல்களையும் பதிப்பித்தார். மல்லிகை 2012 வரை வெளிவந்தது. அவர் 2021 ஜனவரி 28ஆம் நாள் கொழும்பில் மறைந்தார்.

மல்லிகையின் பழைய இதழ்களை ஈழத்து ‘நூலகம்’ நிறுவனத்தார் எண்ணிம வடிவாக்கிப் பேணி வருகின்றனர். ஈழத்து இலக்கியத்தை ஆராய்வோர், ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் தொகுத்து வைத்த அப்பக்கங்களைப் புரட்டியே தம் பட்டங்களுக்கான ஆய்வேடுகளை எழுதுகின்றனர்.